எம் இல்லத்துக் காரக்கறி

ஜேடர்பாளையம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் நாமக்கல் மாவட்டத்தார் பலர்க்கும் நினைவில் எழுவது மீனேயாம். காவிரியின் குறுக்கே அமைந்த அணையும், அதனின்று பிரிந்து வயல்களை நாடிச் செல்லும் இராஜா வாய்க்காலும், அவ்வாய்க்காலை வெட்டுவித்தவர் என இப்பகுதியார் போற்றும் அல்லாள இளைய நாயகரின் சிலையும் எம் ஊருக்கு அணிகளாய் உள்ளன. எனினும் விடுமுறை நாள்களில் வண்டியேறி வருவோர் இவற்றைக் கண்டபின், சிலர் காணாமலேயே, சென்று அமர்வது அணையருகே மீன் வறுக்கும் கடைகளில்தான். யாம் அம்மீனை இகழ்வேம் அல்லேம். ஆயினும் ஈண்டு எழுதப் புகுந்தது எம் ஆற்றில் நீந்தாததும் எம் வயலில் விளையாததுமாகிய வேறொரு பொருளைப் பற்றி. அஃது உருளைக்கிழங்கு.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வோர் அடுக்களையைப் பற்றி எழுதுதலோ எனச் சிலர் நகுதல் கூடும். ஆண்பிள்ளை அடுப்பருகே நிற்றலோ என எம் அப்பத்தாளும் முதலில் நகைக்கவே செய்தார். எனினும் எம் இல்லத்தில் அது புதுமை அன்று. எம் தந்தையார் லாரி ஓட்டுபவர். நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் லாரித் தொழிலால் பேர் பெற்றவை என்பதைப் படிப்போர் அறிவர். மாதத்தில் இருபது நாளுக்குக் குறையாமல் சாலையிலேயே கழிக்கும் அவர், வண்டியின் நிழலில் அடுப்பை மூட்டிச் சோறும் குழம்பும் தாமே ஆக்கி உண்பவர். கருநாடகத்துச் சாலையோரங்களில் அவர் வைக்கும் மிளகு இரசத்தைப் பற்றி அவருடைய தோழர்கள் எம் இல்லத்துக்கு வரும்போதெல்லாம் பேசுவர். எம் அன்னையார் மட்டும் அப்பேச்சில் கலந்துகொள்ளார்.

இத்தகைய தந்தையார்க்குச் சென்ற ஆண்டின் நடுவில் வயிற்றுப்புண் கண்டது. வேளைக்கு உணவின்றி வண்டி ஓட்டியதன் பயன் என்றார் மருத்துவர். மருந்துகளை எழுதித் தந்து, காரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் கூறினார். குறைத்தல் வேறு, ஒழித்தல் வேறு. இலக்கணம் பயிலும் எமக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கத் தோன்றிற்று. ஆனால் அச்சத்தின் முன் இலக்கணம் நில்லாது. அன்னையார் அன்று முதல் தந்தையார்க்கு எனத் தனியே ஒரு சிறு சட்டி வைத்தார். எங்கள் சட்டியில் உருளைக்கிழங்கு மிளகாய்த்தூளோடும் பூண்டோடும் சிவக்க வறுபடும். அவருடைய சட்டியில் அதே கிழங்கு உப்பும் மஞ்சளும் மட்டும் பெற்று வெளிறிக் கிடக்கும்.

சட்டி இரண்டானதைக் காட்டிலும் எம்மை வருத்தியது பந்தி இரண்டானது. எங்கள் சட்டியின் மணம் எழுமுன்னரே தந்தையார், "எனக்குப் பசிக்குதுங்க, நான் முதல்ல தின்னுக்கறேன்" என்று கூறித் தம் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்றுவிடுவார். பசி அன்று அது என்பதை யாவரும் அறிந்திருந்தோம். மாதத்தில் எட்டு நாள் இல்லம் வருபவர், அவ்வெட்டு நாளும் விருந்தாளியைப் போல் தனியே உண்டார். எம் அப்பத்தாள் ஒருநாள், "இவன் ரோட்டுல தின்னா என்ன, திண்ணையில தின்னா என்ன" என்றார். அன்னையார் அதற்கு விடை கூறவில்லை. அன்றிரவு அவர் தாமும் அவ்வெளிறிய கறியையே உண்டார்.

நிலைமை இவ்வாறு இருக்க, கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு யாம் கல்லூரியினின்று வந்தபோது எம் தங்கையார் புதிய வேண்டுகோள் ஒன்றை வைத்திருந்தார். கோயமுத்தூரில் உறவினர் ஒருவர் அளித்த விருந்தில் கேஜன் உருளைக்கிழங்கு என்னும் ஒரு பண்டத்தை உண்டாராம். சிறு கிழங்குகளை அவித்து, சற்றே நசுக்கி, மாவில் தோய்த்துப் பொரித்து, அவற்றின்மேல் செந்நிறமான குழைவு ஒன்றை ஊற்றித் தருவராம். பண்டிகைக்கு அதனைச் செய்தே தீர வேண்டும் என்றார். "இன்னுமொரு சட்டியா?" என்று அன்னையார் வினவினார். அவ்வினாவில் சினம் இல்லை. இளைப்பு இருந்தது. அதனை யாமே ஆக்குவதாகவும், ஐவரும் ஒரு சட்டியினின்றே உண்ணுமாறு ஆக்குவதாகவும் அப்போது கூறினோம். தந்தையார் அவ்வேளை கருநாடகத்தில் இருந்தார். இன்னும் நான்கு நாளில் வருவார் என்று செய்தி வந்திருந்தது.

கேஜன் என்பது யாது என அறியாமல் அதனை ஆக்குவது எமக்கு ஒவ்வவில்லை. சொல்லின் வேரைத் தேடாமல் எதனையும் வாயில் இடலாகாது என்னும் பழக்கம் எம் வகுப்பு எமக்குத் தந்த நன்மையோ தொல்லையோ அறியோம். தேடியபோது கிடைத்த வரலாறு பண்டத்தினும் சுவையுடையதாயிருந்தது. கனடாவின் கீழ்க்கரையில் இன்று நோவா ஸ்கோஷியா என வழங்கும் பகுதியில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரெஞ்சுக் குடியானவர்கள் சென்று குடியேறினர். அகேடியா என்பது அந்நிலத்தின் பெயர். கடல்நீர் ஏறியிறங்கும் சதுப்பு நிலங்களைக் கரையிட்டு அடைத்து, உப்பை மழைநீரால் கழுவித் தள்ளி, அவற்றை விளைநிலங்களாக்கிய திறத்தினர் அவர். வாய்க்காற்பாசனத்தில் பிறந்து வளர்ந்த எமக்கு அவர்மேல் அப்பொழுதே ஓர் அன்பு உண்டாயிற்று. 1713ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அந்நிலம் பிரிட்டிஷார் கைக்கு மாறிற்று. அரசுக்கு நிபந்தனையின்றி உறுதிமொழி அளிக்க அம்மக்கள் இசையாமையால், 1755ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் ஏற்றித் துரத்தப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் பிரிந்தன. லாங்ஃபெலோ என்னும் அமெரிக்கப் புலவர் 1847ஆம் ஆண்டில் 'எவாஞ்சலின்' என்னும் காப்பியத்தில் பாடியது இத்துயரையே. எம் கல்லூரி முதியோருள் பலர் அதனைத் தம் ஆங்கிலப் பாடத்தில் கற்றிருத்தல் கூடும்.

துரத்தப்பட்டோருள் ஒரு பகுதியார் 1760களில் தெற்கே லூசியானாவின் சதுப்புகளை அடைந்தனர். அகேடியர் என்னும் பெயரே நாவில் தேய்ந்து கேஜன் ஆயிற்று. பனி நாட்டில் வாழ்ந்தவர்க்கு அவ்வெப்ப நாட்டில் பழைய உணவு ஒன்றும் அகப்படவில்லை. ஆங்கே கிடைத்த அரிசியையும், நீர்நிலைகளில் பிடித்த மீனையும், ஆப்பிரிக்கர் கொணர்ந்த வெண்டைக்காயையும், அமெரிக்க மண்ணுக்கே உரிய மிளகாயையும் கொண்டு அவர்கள் புதியதொரு சமையலை அமைத்துக்கொண்டனர். வெண்டைக்காய் இட்ட அவர்களுடைய குழம்பின் பெயராகிய கம்போ என்பதே வெண்டையைக் குறித்த ஓர் ஆப்பிரிக்கச் சொல்லினின்று வந்தது என்பர். அச்சமையலை உலகறியச் செய்தோருள் தலையாயவர் பால் புருதோம் என்னும் சமையல் வல்லுநர். நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1979ஆம் ஆண்டில் அவர் உணவகம் தொடங்கிய பின்னரே கேஜன் என்னும் பெயர் புட்டிகளில் அடைபட்டுக் கடைதோறும் ஏறிற்று. சோறே அவர்களுக்கும் தலையாய உணவு. எம் நாட்டு நகரங்களில் இப்பெயரால் விற்கும் உருளைக்கிழங்குப் பண்டத்தை ஒரு லூசியானாக் கிழவியின் முன் வைத்தால் அவர் அதனைத் தம்முடையது என ஏற்பாரோ, அறியோம்.

அங்ஙனம் அவர் மறுப்பாராயின், நாம் மட்டும் நம் உருளைக்கிழங்கு வறுவலை நம்முடையது என எங்ஙனம் கூறுவது? கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்தது. மிளகாயும் அக்கண்டத்துக்கே உரியது. போர்த்துக்கேசியர் பதினாறாம் நூற்றாண்டில் அதனைக் கொணரும் வரையில் நம் முன்னோர் நாவை எரித்தது மிளகு ஒன்றே. சங்கச் செய்யுள்களில் கறி என்னும் சொல் மிளகைக் குறிக்கும். யவனர் கலங்கள் பொன்னைத் தந்து ஏற்றிச் சென்றது அக்கறியையே. பின்னர் மிளகிட்டுச் சமைத்தது கறி ஆயிற்று. இன்று மிளகே இல்லாத பண்டமும் கறியாய் நிற்கின்றது. வந்த புதுக்காய்க்கு வேறு பெயர் தேடாமல், மிளகின் வேலையைச் செய்யும் காய் என்னும் கருத்தால் மிளகாய் என்றனர். ஆங்கிலரும் இவ்விரண்டினையும் ஒரே சொல்லால் வழங்கி இடர்ப்படுகின்றனர். ஆகவே எம் அன்னையாரின் உருளைக்கிழங்குக் கறி என்னும் தொடரில், கடல் கடந்து வாராதவை அன்னையாரும் கறி என்னும் சொல்லும் ஆக இரண்டே. இதனைக் கூறியபோது அன்னையார், "எண்ணெய் செக்குல ஆட்டினது, அதையும் சேர்த்துக்க" என்றார். அது கடலை எண்ணெய். நிலக்கடலையும் தென் அமெரிக்கச் செடியே என்பதை அவருக்குக் கூறாமல் விடுத்தோம்.

இனிச் செய்பொருளுக்கு வருவோம். கேஜன் பொடியின் உறுப்புகளைப் பார்த்தபோது எமக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அதில் மிளகாய் இரு வகையாய் வருகின்றது. பாப்ரிக்கா என்னும் பொடி நிறத்துக்கும் மணத்துக்கும். கெயேன் என்னும் பொடி எரிப்புக்கு. இரண்டும் ஒரே செடியினத்தின் வேறு வேறு வகைகளே. நம் அடுக்களையில் சிவப்பும் எரிப்பும் ஒரே தூளில் வருவதால் அவை பிரிக்க இயலாதவை என எண்ணிவிட்டோம். பிரித்து அளக்கலாம் எனின், தந்தையாரின் தட்டு வெளிற வேண்டிய கட்டாயம் என்னை?

நிறம் மிகுந்து எரிப்புக் குறைந்த மிளகாய்க்கு யாம் அயல்நாடு செல்ல வேண்டியிருக்கவில்லை. கருநாடகத்தின் ஹாவேரி மாவட்டத்துப் பேடகி மிளகாய் அத்தகையது. 2011ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடு பெற்றது. அச்சந்தையில் மூட்டை ஏற்றிப் பல ஊர்களில் இறக்கியவர் எம் தந்தையார். மூட்டை கட்டுவோர் ஒரு முறை அன்பாய்த் தந்த இரண்டு கிலோ மிளகாய் எம் வீட்டுப் பானையில் கிடந்தது. குழம்புக்கு எரிப்புப் போதாது என்று அன்னையார் அதனைத் தொட்டதில்லை. சுருங்கிச் சுருங்கி முதியோர் கைபோல் தோன்றும் அம்மிளகாயைக் கிள்ளினால் விரல் சிவக்கும்.

எரிப்பை இன்னும் குறைக்க வழியுண்டு. விதையே எரிக்கும் என்பது பலர் கருத்து. உண்மையில் கேப்சைசின் என்னும் எரிபொருள் மிகுதியாய்த் தங்குவது விதைகளைத் தாங்கும் வெண்மையான உட்சதையில். விதை அதனை ஒட்டியிருப்பதால் பழி சுமக்கின்றது. மிளகாயை நீளக் கீறி அவ்வுட்சதையைச் சுரண்டி எடுத்துவிட்டால் தோலின் செம்மையே எஞ்சும். கார்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணினர் நம் பெரியோர். இக்கால அறிவியலார் அது சுவையன்று, சூட்டை உணரும் நரம்பு வாயிலின் வேலை என்பர். சூடும் மிளகாயும் ஒரே வாயிலைத் தட்டுகின்றன என்பதை 1997ஆம் ஆண்டில் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாக்கு எரிகின்றது என்று நம் மக்கள் கூறுவது உவமை அன்று போலும்.

பொடி ஆயத்தமாக மூன்று நாள் ஆயிற்று. சின்ன வெங்காயத்தை மெல்லியதாய் அரிந்து முறத்தில் பரப்பி மார்கழி வெயிலில் உலர்த்தினோம். பூண்டையும் அவ்வாறே. காக்கையை விரட்டும் பணியை அப்பத்தாள் தாமாகவே ஏற்றார். மேனாட்டார் இடும் இரண்டு தழைகளே எம்மைச் சிந்திக்க வைத்தன. ஒன்று தைம், மற்றொன்று ஓரிகானோ. பின்னதன் சிறு பொட்டலங்கள் பதினேழு எம் தங்கையாரின் பெட்டியில் இருந்தன. பீட்ஸா வாங்கும்போது தருவதைச் சேர்த்து வைத்தாராம். அவற்றை ஈய அவருக்கு மனம் வரவில்லை. யாமும் வற்புறுத்தவில்லை. தைமின் மணத்துக்குக் காரணமாகிய தைமால் என்னும் பொருளே நம் ஓமத்தின் மணத்துக்கும் காரணம். ஓரிகானோவின் மணத்தைத் தரும் கார்வக்ரால், நம் கொல்லையில் சளிக்குக் கிள்ளும் கற்பூரவல்லி இலையிலும் உண்டு. ஆகவே ஓமம் ஒரு சிட்டிகையும், நிழலில் உலர்த்திய கற்பூரவல்லி இலை பத்தும் கொண்டோம். தடித்த இலையாதலின் அது எளிதில் உலராது. சட்டியின் இளஞ்சூட்டில் சற்றே புரட்டிய பின்னரே நொறுங்கிற்று.

ஐந்து பேடகி மிளகாயின் தோல், உலர்ந்த வெங்காயம் இரு பிடி, பூண்டு ஒரு பிடி, மிளகு கால் தேக்கரண்டி, ஓமம், கற்பூரவல்லி, உப்பு. மிளகும் அதே நரம்பு வாயிலைத் தட்டுவதே ஆதலின் அதனை மிகுதியாக்கத் துணியவில்லை. அரைத்த பொடி செங்கல் நிறமாய் வந்தது. அதனை மோந்த அன்னையார் தும்முவார் என எதிர்பார்த்தோம். அவர் தும்மவில்லை. மறுபடியும் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் கூறாமல் சென்றார்.

மேலே ஊற்றும் குழைவு மயோனைஸ் என்பதைக் கொண்டு ஆக்கப்படுவது. முட்டையின் மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின், ஒட்டாத எண்ணெயையும் புளிநீரையும் ஒட்டவைக்கும். முட்டைக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு முட்டையை விலக்குதல் நன்றி மறத்தலாகும் எனத் தங்கையார் வாதித்தார். ஆனால் அது பச்சை முட்டை. நோய்க் கிருமிகளுக்கு இடம் தருவது என்பதால், பச்சை முட்டையில் ஆக்கிய மயோனைஸை 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. புண்பட்ட வயிறு உள்ள இல்லத்தில் அதனைப் பற்றி வாதமே வேண்டாம் என்றோம். எருமைத் தயிரைத் துணியில் கட்டிச் சன்னற்கம்பியில் இரவெல்லாம் தொங்கவிட்டால் காலையில் வெண்ணெய் போல் திரண்டு நிற்கும். அதில் நசுக்கிய பூண்டும், பொடியில் ஒரு கரண்டியும், நாட்டு வெல்லம் நெல்லிக்காய் அளவிற் பாதியும் கூட்டினோம். வெல்லத்துக்கு எம் ஊர்ப்பக்கம் குறைவில்லை. கரும்பாலைகளில் பாகு காய்ச்சும் மணம் அந்நாள்களில் சாலை வரை வரும். தயிரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கேப்சைசின் நீரில் கரையாது. ஆதலால் நீர் பருகி எரிப்பைத் தணித்தல் அரிது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்னும் புரதம் அதனைப் பற்றி நாவினின்று அகற்றும்.

கிழங்கு வாங்க வேண்டிய நாளில் தந்தையார் வந்து சேர்ந்தார். ஆக்குவது யாருக்கு என்பதை அவருக்கு நாங்கள் கூறவில்லை. தங்கையின் விருப்பம் என்று மட்டும் அறிந்திருந்தார். எனினும் கிழங்கு என்றவுடன் அவருக்கு முகம் மலர்ந்தது. ஆக்ராப் பக்கத்துக் கிழங்கும், ஹாசன் கிழங்கும், மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கும் நீலகிரிக் கிழங்கும் அவர் வண்டியில் ஏறியிறங்கியவை. "கண்ணு, நகத்தால கீறிப் பார்த்து வாங்கு. ஐஸ் ரூம்ல கிடந்த கிழங்கு இனிக்கும். எண்ணெய்ல போட்டா உள்ள வேகறதுக்குள்ள மேல கருகிப் போயிரும்" என்றார். குளிரில் கிடந்த கிழங்கின் மாப்பொருள் சர்க்கரையாய் மாறுவதும், சர்க்கரை சூட்டில் விரைந்து கருகுவதும் நூலில் உள்ள செய்திகள். அவர் நூல் கற்றவர் அல்லர். "நீலகிரிக் கிழங்கு செம்மண் ஒட்டியிருக்கும், கழுவினதை வாங்காதே" என்றும் கூறினார்.

நீலகிரியில் அக்கிழங்கு வேரூன்றியதற்குக் காரணமானவர், 1820களில் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன். அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு முதல் கிழங்கை அழுகச் செய்து ஏறத்தாழப் பத்து இலக்கம் உயிரைக் கொண்ட கருகல் நோயைத் தாங்குமாறு, நம் நாட்டு ஆராய்ச்சியாளர் 1968ஆம் ஆண்டில் குஃப்ரி ஜோதி என்னும் வகையை வெளியிட்டனர். மலைச்சாகுபடிக்கு அது பெருந்துணையாயிற்று. இவற்றையெல்லாம் யாம் தந்தையாரிடம் கூற, அவர் பொறுமையாய்க் கேட்டு, "கிலோ என்ன விலை சொன்னான்?" என்றார்.

எலுமிச்சை அளவினவாகிய கிழங்கு ஒரு கிலோ. உப்பிட்ட நீரில் தோலோடு அவித்து, நீரை வடித்து, ஆவி அடங்கும் வரை தட்டில் பரப்பினோம். ஈரம் போகாவிடில் மேல் மொறுகாது. பின்னர் ஒவ்வொன்றையும் டம்ளரின் அடியால் மெல்ல அழுத்தினோம். பிளவு காண வேண்டும், உடையலாகாது. பிளவுகளின் ஓரங்களே மொறுமொறுப்பாவன. பொடியோடு அரிசி மாவு இரு கரண்டி கலந்து மேலே தூவிப் புரட்டினோம். மிதக்கும் எண்ணெயில் பொரித்தலை நீக்கி, பெரிய தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு நிரையாய் அடுக்கி, தீயைக் குறைத்து, ஒருபுறம் சிவந்த பின்னரே திருப்பினோம். ஏழு எட்டு நிமிடம் தொடாதிருத்தல் வேண்டும். இதுவே இச்சமையலில் மிகக் கடினம். அன்னையார் மும்முறை தோசைத்திருப்பியை எடுக்க வந்தார். மும்முறையும் தடுத்தோம்.

பூண்டும் ஓமமும் கருகாமல் வறுபடும் மணம் எழுந்தது. அம்மணம் எழும் வேளையில்தான் தந்தையார் வழக்கம்போல் தம் தட்டை எடுக்க அடுக்களைக்கு வந்தார். சிறு சட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தார். அது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்னர் தோசைக்கல்லைப் பார்த்தார். செக்கச் சிவந்த கிழங்குகள். எம் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, தொடாதீங்க. நான் தின்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அன்னையார் இடையே புகுந்தார்.

அன்னையார் ஒரு கிழங்கை எடுத்துப் பாதியைக் கடித்தார். மென்றார். விழுங்கிய பின்னும் சிறிது நேரம் நின்றார். எரிப்பு எப்போது வரும் எனக் காத்து நின்றார் என்பதை அவர் கண்கள் காட்டின. நாங்கள் யாரும் பேசவில்லை. எஞ்சிய பாதியைத் தயிர்க்குழைவில் தோய்த்து உண்டார். "காரமே இல்லை. ஆனாக் காரக்கறி மாதிரியேதான் இருக்குது" என்று கூறி, ஐந்து தட்டுகளை வரிசையாய்த் தரையில் இட்டார். திண்ணைக்குத் தட்டு செல்லவில்லை. தந்தையார் அமர்ந்தார். அவருக்கு நான்கு கிழங்குகளே இட்டார் அன்னையார். அவர் உண்டுவிட்டு ஐந்தாவதற்குத் தட்டை நீட்டினார். அப்போது அன்னையார் முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டார். புகை என்றார். புகை ஒன்றும் இல்லை.

"இதுல மிளகாய் எத்தனை?" என்று தந்தையார் வினவினார். ஒரு கிலோவுக்கு ஐந்து என்றும், உட்சதை நீக்கியது என்றும் கூறி, பானையில் எஞ்சியதில் ஒன்றை எடுத்துக் காட்டினோம். அதனை விரலிடையே உருட்டிப் பார்த்தார். "பேடகி. இந்த மூட்டைய எத்தனை லோடு ஏத்தியிருப்பேன்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. எம் தங்கையார்க்கு மட்டும் நிறைவில்லை. கோயமுத்தூரில் கண்ணீர் வந்ததாம், இதில் வரவில்லையாம். தம் பங்கின்மேல் வேறு மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டார். அதனை யாரும் தடுக்கவில்லை. சட்டி ஒன்றே, தூவல் அவரவர் விருப்பம். மறுநாட் காலையில் வயிற்றில் எரிச்சல் உண்டா என அன்னையார் நான்கு முறை வினவினார். நான்கு முறையும் இல்லை என்றே விடை கிடைத்தது.

பண்டிகைக்கு மறுபடி ஆக்கினோம். அவ்வெட்டு நாளில் வாழைக்காயையும், ஆற்று மீனையும் அப்பொடியில் புரட்டிப் பார்த்தோம். மீனுக்கு மிகப் பொருந்திற்று. அணைக்கடைக்காரர் அறிந்தால் சினப்பர். கேஜன் என்னும் சொல் அப்பத்தாளின் நாவில் நிற்கவில்லை. இரண்டாம் நாளே அது கேசவன் பொடி ஆயிற்று. இப்போது எம் தெருவிலும் அப்பெயரே வழங்குகின்றது. அகேடியர் கேஜன் ஆனதும் இவ்வழியில்தானே!

தந்தையார் புறப்பட்ட அன்று அன்னையார் புதிதாய் அரைத்த பொடியை ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் நிறைத்து வண்டியில் வைத்தார். தயிர் கட்டத் துணியும், ஒரு கிலோ கிழங்குக்கு எத்தனை கரண்டி என்னும் அளவும் உடன் சென்றன. பதினோராம் நாள் இரவு ஹாவேரியினின்று கைப்பேசியில் அழைத்தார். எம்மை நலம் வினவிய பின்னர், "அம்மாகிட்டச் சொல்லு கண்ணு. கிளீனர் பையன் பாதியத் தின்னு தீர்த்துட்டான். அடுத்த தடவைக்கு ரெண்டு புட்டி வேணும். இங்க மிளகாய் அஞ்சு கிலோ சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.